பாய்க்குக் காவல்

எழுந்தால் பாய் போய்விடும். அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கால் மரத்துப்போய் வெகுநேரம் ஆகிறது, இருந்தாலும் எழுந்திருக்கப் போவதில்லை. காலையில் கேட் திறந்ததும் முதல் ஆளாக ஓடிவந்து பிடித்த இடம் இது, மேடைக்கு நேர் எதிரே, ஸ்பீக்கருக்கு ரொம்பக் கிட்டவும் இல்லாமல் எட்டவும் இல்லாமல், தலைக்கு மேலே சில்வர் ஓக் மரம், அதன்மேல் மிளகுக்கொடி. வீட்டு மொட்டைமாடியில் வடகம் காயப்போடுகிற பிளாஸ்டிக் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துச் சேலத்திலிருந்து ஏற்காடுவரை பஸ்ஸில் கொண்டுவந்தேன். மியூசிக் ஃபெஸ்டிவலுக்கு யாராவது பாய் தூக்கிட்டு வருவாங்களா பரிதி என்று என் மனைவி சுகந்தி நேற்றெல்லாம் சிரித்தாள். இன்றைக்குப் பாருங்கள், ராத்திரி பெய்த மழையில் புல் முழுக்க நனைந்துகிடக்கிறது, உட்கார இடமில்லாமல் நிற்கிற அத்தனை பேரும் என் பாயைத்தான் பார்க்கிறார்கள். காப்பித் தோட்டத்துச் சரிவைச் சுத்தம்செய்து மேடை போட்டு, ஊசிமழை இசைத் திருவிழா என்று பெயரும் வைத்து, சனி ஞாயிறு இரண்டு நாளும் யாராவது பாடிக்கொண்டே இருக்கிறார்கள். சுகந்தி முன்னால் போய்விட்டாள். செருப்பைப் பாயோரத்தில் விட்டுவிட்டு வெறுங்காலோடு இறங்கி, மேடைக்குக் கீழே குதிக்கிற கூட்டத்துக்குள் கலந்துவிட்டாள். வர்றியா என்று கேட்டாள். நீ போ, நான் பாயப் பாத்துக்கறேன் என்றேன். வியாழக்கிழமை அவளுக்கு விமானம். இரண்டு வருஷத்துக்கு டொரான்டோ. இன்றைக்குச் சாயங்காலம் மலையிறங்கும் பஸ்ஸில் ஏறுவதற்குள் நான் அவளிடம் போகாதே என்று சொல்லவேண்டும், ஒரே ஒரு வார்த்தை, மூன்று மாதமாகச் சொல்லாத வார்த்தை. வீட்டில் சொல்ல முடியாது, அங்கே பெட்டிகள் திறந்துகிடக்கின்றன. நான் இங்கே பாய்க்குக் காவல் இருக்கிறேன்.

மேடையில் மேளக்காரன் அடிக்கிற ஒவ்வோர் அடியும் நெஞ்சுக்குள் வந்து விழுகிறது. காதால் கேட்பதுபோலவே இல்லை, யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுவதுபோல இருக்கிறது. நாற்பத்தோரு வயதில் இது நல்லதா என்று தெரியவில்லை. மணிக்கட்டில் நேற்று டிக்கெட்டுக்கு அடையாளமாகக் கட்டிவிட்ட துணிப் பட்டை வேறு. கழற்ற முடியாதாம், கத்தரித்துத்தான் எடுக்கவேண்டுமாம், குளிக்கும்போது நனைந்து ராத்திரியெல்லாம் ஈரமாகவே இருந்தது, அரிக்கிறது. சுகந்தி அதைக் கழற்றவே போவதில்லை என்றாள், டொரான்டோவுக்கும் இதோடே போவேன் என்றாள். அதைச் சொல்லும்போது எவ்வளவு சந்தோஷம் அவள் முகத்தில். என்னைப் பார்த்து அந்தச் சந்தோஷத்தைக் காட்டினாளே, அதுதான் தாங்கவில்லை. நான் அனுப்பிவைக்கிறேன் என்று நினைக்கிறாள். நானா அனுப்பினேன்? மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி, சாப்பாட்டு நேரம். நான் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், அம்மா அடுப்படியில் இருந்தாள், சுகந்தி தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள். டொரான்டோலேர்ந்து பதில் வந்திருச்சு, வேலைக்கு எடுத்துக்கிட்டாங்க, ரெண்டு வருஷம், போகட்டுமா பரிதி. நான் நிமிரவில்லை. சட்னிக் கிண்ணத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டு, உன் இஷ்டம் என்றேன். அவள் கொஞ்சநேரம் பேசாமல் நின்றாள். அந்தக் கொஞ்சநேரம் எவ்வளவு என்று அன்றிலிருந்து அளந்துகொண்டே இருக்கிறேன். பிறகு, சரி, அப்ப போறேன், தேங்க்ஸ் பரிதி என்று சொல்லிவிட்டுப் போய் இன்னொரு தோசை கொண்டுவந்து போட்டாள். நானும் அதைச் சாப்பிட்டேன்.

செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டில் பிறந்த எவனுக்கும், ஏன், எங்கள் தெருவில் பிறந்த எவனுக்கும் உன் இஷ்டம் என்றால் என்ன அர்த்தம் என்று தெரியும். வேண்டாம் என்று அர்த்தம். வேண்டாம் என்று சொல்லுகிற கெட்ட பெயரை நான் எடுக்கமாட்டேன், நீயே வேண்டாம் என்று முடிவுபண்ணிக்கொள் என்று அர்த்தம். அப்பா அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே குடும்பத்தை நடத்தினார். கட்சி மேடைகளுக்கெல்லாம் போய்வந்தவர், பெண்ணுரிமை பேசுவார், எனக்கு இளம்பரிதி என்று தேடிப் பெயர் வைத்தவர், வீட்டில் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது ஆத்தூரில் மாமா புதுவீடு கட்டிப் பால் காய்ச்சினார். அம்மா விடியற்காலையிலேயே குளித்து, நீலப்பட்டு கட்டி, முழம் மல்லிகையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு, நானும் இவனும் போய்ட்டு வந்திரட்டுமா என்று கேட்டாள். அப்பா பேப்பரிலிருந்து தலை தூக்கவில்லை. உன் இஷ்டம். அம்மா உள்ளே போய்ப் பட்டுச்சேலையை அவிழ்த்து மடித்துவைத்தாள், தலையில் வைக்க எடுத்த பூவைக் கொண்டுபோய் சாமிபடத்துக்குப் போட்டாள், உலையை வைத்தாள். நான் புதுச்சட்டையோடு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன். எனக்கு அப்போதே அந்த பாஷை வந்துவிட்டது. ‘உன்’ நீண்டால் கோபம், ‘இஷ்டம்’ நீண்டால் வருத்தம், இரண்டும் குட்டையாக வந்தால் பேச்சு அதோடு முடிந்தது. நான் சுகந்தியிடம் சொன்னது குட்டையானது. அப்பா சொன்ன அதே அளவு. அடுப்படியில் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாளே, அவளுக்குப் புரிந்துவிட்டது. பிறகு சுகந்தி தேங்க்ஸ் சொல்லித் தோசை ஊற்றப் போனதும் அம்மா சிரித்தாள். அப்பா போனபிறகு அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மறுநாளே பரண்மேலிருந்து பெரிய பெட்டியை இறக்கித் துடைத்துவைத்ததும் அவள்தான்.

அங்கிள். யாரோ கூப்பிடுகிறார்கள். பக்கத்தில் ஈரத் துப்பட்டாவை விரித்து உட்கார்ந்திருந்த பெண்ணும் அவளோடு வந்த பையனும். அங்கிள், நாங்க முன்னாடி போய்ட்டு வந்திர்றோம், இந்தப் பையெல்லாம் கொஞ்சம் பாத்துக்கறீங்களா என்கிறாள். தாராளமா என்கிறேன். நேற்றுவரை அண்ணனாகத்தான் இருந்தேன், இரண்டு நாள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்ததில் அங்கிள் ஆகிவிட்டேன். இரண்டு பை, ஒரு கிட்டார் உறை, ஒரு தண்ணீர் பாட்டில், எல்லாம் என் பாய்க்கு வந்துவிட்டன. இருவரும் கைகோர்த்துக்கொண்டு சரிவில் ஓடுகிறார்கள், அவள் ஒரு தடவை வழுக்கி அவன்மேல் விழுந்து சிரிக்கிறாள். அந்தப் பையன் கண்ணை இடுக்கித்தான் மேடையைப் பார்க்கிறான், தூரப்பார்வை குறைவு, யாராவது சொல்லவேண்டும் அவனிடம். கடைக்கு வந்திருந்தால் நானே உட்காரவைத்துப் பார்த்திருப்பேன். அப்பா வைத்த கண்ணாடிக் கடை, இருபது வருஷமாக நான்தான் பார்க்கிறேன், நாள் முழுக்க ஜனங்கள் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டிவிட்டுக் கண்ணாடிச் சில்லை மாற்றி மாற்றிப் போட்டு, இப்ப நல்லாத் தெரியுதா, முன்னாடி நல்லாத் தெரிஞ்சுதா என்று கேட்பதுதான் வேலை. சிலபேர் ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். ஏதாவது ஒன்றைச் சொல்லுங்க, ரெண்டுல ஒண்ணு, உங்க கண்ணுக்கு நான் பதில் சொல்ல முடியுமா என்று கேட்பேன். சுகந்தி முதன்முதலில் கடைக்கு வந்ததும் கண்ணாடிக்குத்தான். கேட்ட கேள்விக்கெல்லாம் டக்டக்கென்று பதில் சொன்னாள், இது, அது, மறுபடி இது. இப்படி ஒரு பெண்ணா என்று நினைத்தேன். அவள் கண்ணுக்குக் கண்ணாடி தேவைப்படவே இல்லை, லேசான தலைவலிதான், சொல்லித் திருப்பியனுப்ப மனசு வராமல் மறுபடி ஒருநாள் வந்து பாருங்கள் என்றேன். வந்தாள். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளேதான் வந்தாள், அவளேதான் கல்யாணத்தையும் பேசினாள். நான் வாழ்க்கையில் கேட்டு வாங்கியது என்று ஒன்றுமே இல்லையோ என்று இந்தப் பைகளுக்கு நடுவே உட்கார்ந்து நினைக்கும்போது பகீரென்றிருக்கிறது.

மழை வருமோ? மேலே மூட்டம் இறங்குகிறது. குடை இருக்கிறது. பஸ்ஸுக்குக் கூட்டம் சேர்ந்துவிடும், மழையென்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள், நேற்று லாட்ஜுக்குப் போகவே நின்றுகொண்டு போனோம். சுகந்தியிடம் காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறேன், கடைசிப் பாட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பிவிட்டால் உட்கார்ந்து போகலாம் என்று. சரி பரிதி, சரி பரிதி என்கிறாள். எல்லாவற்றுக்கும் எவ்வளவு நல்லபடியாகத் தலையாட்டுகிறாள் இந்த மூன்று மாதமாக. ஊரே என்னைப் புகழ்கிறது. அவள் காது கேளாத குழந்தைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறவள், அவளோடு வேலைபார்க்கிறவர்கள் வழியனுப்பு விருந்து வைத்தார்கள், அதில் ஒரு பெரிய டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள மாதிரி ஒரு ஹஸ்பண்ட் கெடைக்கணுமே சார், ஒரு வார்த்தை தடுக்கலியாமே நீங்க என்றார். ஆமாம், ஒரு வார்த்தை தடுக்கவில்லை. இரண்டு வார்த்தையால் தடுத்தேன், அது பலிக்கவில்லை. அதை அங்கே சொல்லமுடியுமா, கேசரியை வாயில் போட்டுக்கொண்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன். பாராட்டுக் கேட்கக் கேட்க வாய் இன்னும் அடைத்துப்போனது. அங்கே டொரான்டோவில் நம்மூர்க் குழந்தைகள் நிறைய இருக்கிறார்களாம், வீட்டில் தமிழ் பேசுகிற குழந்தைகள், காதில் கருவி வைத்தபிறகு தமிழிலேயே பழக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்களாம். நல்ல காரியம்தான். நல்ல காரியமாக இல்லாமல் இருந்திருந்தால் சுலபமாகத் தடுத்திருப்பேன்.

ஒன்று மட்டும் மனசில் முள்ளாக நிற்கிறது. இந்தத் திருவிழா இன்றைக்கு நேற்று வந்ததில்லை. போன வருஷமும் கேட்டாள், அதற்கு முந்தின வருஷமும் கேட்டாள், ஏற்காட்ல பாட்டுத் திருவிழாவாம், போலாமா பரிதி. இரண்டு தடவையும் நான் சொன்னது உன் இஷ்டம். இரண்டு தடவையும் நாங்கள் வரவில்லை. அவள் அதைப்பற்றி மறுபடி பேசவில்லை, நானும் பேசவில்லை, ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு வீட்டில் தூங்கினேன். அப்படியானால் அவளுக்கு அந்த பாஷை தெரிந்திருக்கிறது. தெரிந்திருந்தால் டொரான்டோவுக்கு மட்டும் ஏன் புரியாமல்போனது? நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவள், அவர்கள் வீட்டில் எங்கேயாவது போவதென்றால் அவளுடைய அப்பா சாப்பாட்டு மேசையில் எல்லாரையும் கை தூக்கச் சொல்வாராம், பெரும்பான்மை எதுவோ அது. அவர்கள் ஊரில் உன் இஷ்டம் என்றால் உன் இஷ்டம்தான். அதனால் அவள் உண்மையிலேயே தப்பாக எடுத்துக்கொண்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, பாட்டுத் திருவிழாவுக்குப் புரிந்ததே. இல்லை, பாட்டுத் திருவிழா சின்ன விஷயம், அவளுக்கே அவ்வளவு ஆசை இல்லாமல் விட்டிருப்பாள். அப்படியானால் இந்த வருஷம் என்னைக் கேட்காமலே ஏன் டிக்கெட் எடுத்தாள்? இதே இடத்துக்குத்தான் திரும்பத் திரும்ப வருகிறேன். அவளுக்குப் புரியவில்லை என்றால், நான் இப்போதுகூடச் சொல்லலாம், தப்பு என்னுடையது, நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன், போகாதே. புரிந்திருந்தால்? புரிந்தும் போகிறாள் என்றால்? வியாழக்கிழமை ராத்திரி விமான நிலையத்திலிருந்து தனியாகத் திரும்பி வந்து வீட்டுக் கதவைத் திறப்பேன். அம்மா இருப்பாள். அம்மாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து தோசை சாப்பிடுவோம். நான் பேப்பர் படிப்பேன். அப்பாவின் நாற்காலிதான் அது, அவர் உட்கார்ந்த பள்ளத்தில்தான் இப்போதும் உட்காருகிறேன். காலில் ஏதோ ஊர்கிறது, அட்டையா, பேண்ட்டைத் தூக்கிப் பார்க்கிறேன், வெறும் புல்.

வருகிறாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு சரிவில் ஏறி வருகிறாள், இரண்டு கையிலும் காகிதக் கப், கால் முழுக்கச் சேறு, சாரலில் முடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருக்கிறது. சுக்குக் காபி என்று ஒன்றை என்னிடம் நீட்டிவிட்டுப் பைகளை நகர்த்தி இடம்பண்ணி உட்காருகிறாள். யாரோடது இதெல்லாம் என்று கேட்கிறாள். பக்கத்துல இருந்தவங்களோடது, பாத்துக்கச் சொன்னாங்க என்கிறேன். அவள் சிரிக்கிறாள், உன்கிட்ட எதக் குடுத்தாலும் பத்திரமா இருக்கும் பரிதி. இதில் கிண்டல் எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. காபி நாக்கைச் சுடுகிறது. இப்போதே கேட்டுவிட வேண்டும், மேடையில் ஆள் மாறுகிறார்கள், சத்தமில்லை, இதைவிட நல்ல நேரம் வராது. அன்னிக்கு நீ டொரான்டோ பத்திக் கேட்டப்ப நான் உன் இஷ்டம்னு சொன்னேன்ல என்று ஆரம்பிக்கிறேன். குரல் எனக்கே வேறு யாருடையதோபோல இருக்கிறது. ம் என்கிறாள். அது உனக்கு எப்படிக் கேட்டுச்சு? அவள் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேடையையே பார்க்கிறாள். வேண்டாம்னு கேட்டுச்சு என்கிறாள். சாதாரணமாகத்தான் சொல்கிறாள், காபியில் சர்க்கரை கம்மி என்று சொல்கிற மாதிரி. அப்புறம் ஏன் சரின்னு சொன்ன என்கிறேன். என் வேலையே கேக்கறதுதான பரிதி, ஒரு குழந்த என்ன சொல்ல வருதுன்னு நாள் முழுக்கக் கேட்டுட்டு இருக்கேன், எம் புருஷன் சொல்றது கேக்காதா. நல்லாக் கேட்டுச்சு. ஆனா நீ சொன்னத மட்டும் எடுத்துக்கிட்டேன், சொல்லாதத எடுத்துக்கல. எத்தன தடவ எடுத்துக்கறது? காபியை ஒரு மிடறு குடிக்கிறாள். அதுக்கப்பறமும் பாத்துட்டேதான் இருந்தேன். போன்னு மனசாரச் சொல்லுவியா, இல்ல போகாதன்னு சொல்லுவியா, ரெண்டுல ஒண்ணு. போகாதன்னு நீ சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேன். சண்ட போட்டுட்டு இருந்தாலும் இருந்திருப்பேன், எனக்குத் தெரியல. இப்ப சொன்னா என்று கேட்கிறேன். அவள் முதன்முறையாகத் திரும்பி என் முகத்தைப் பார்க்கிறாள். கண் கலங்கியிருக்கிறது. இப்ப சொல்லாத பரிதி என்கிறாள்.

நான் சொல்லவில்லை. சொல்லாதே என்று கேட்டுக்கொண்டபோது சொல்லாமல் இருப்பது எனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது. மேடையில் ஒரு பெண் வந்து ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்து சுருதி பிடிக்கிறாள், கூட்டம் ஓவென்று கத்துகிறது. சுகந்தி காலி கப்பை என் கப்புக்குள் சொருகிவிட்டு எழுந்திருக்கிறாள். இவங்களுக்காகத்தான் வந்தேன், அந்தப் பாட்டு மொதல்லயே பாடிருவாங்க என்கிறாள். அந்தப் பாட்டு எது என்று எனக்குத் தெரியும், துணி தேய்க்கும்போதும் காய் நறுக்கும்போதும் அவள் முணுமுணுப்பது. ஆனால் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து மெட்டைத்தான் கேட்டிருக்கிறேன், வார்த்தை ஒன்றுகூடத் தெரியாது, என்ன பாட்டு அது என்று ஒருநாளும் கேட்டதில்லை. இரண்டடி போனவளை, நானும் வரட்டுமா என்று கேட்கிறேன். அவள் திரும்பாமலே, உன் இஷ்டம் என்கிறாள். போய்விட்டாள். நான் கப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் இஷ்டம். ‘உன்’ நீளவில்லை, ‘இஷ்டம்’ நீண்டதா? கொஞ்சம் நீண்டது, இல்லை, சரிவில் இறங்கும்போது மூச்சு வாங்கியதில் அப்படிக் கேட்டிருக்கும். அப்பா சொல்கிற மாதிரி சொன்னாளா, அவளுடைய அப்பா சொல்கிற மாதிரி சொன்னாளா. வராதே என்கிறாளா, வந்தால் வா என்கிறாளா, வாயேன் என்று நான் புரிந்துகொள்ள வேண்டும் என்று காத்திருக்கிறாளா. தாய்ப்பாலோடு கற்றுக்கொண்ட பாஷை, அவள் வாயிலிருந்து வரும்போது எனக்கு ஓர் எழுத்தும் விளங்கவில்லை. இப்படித்தான் இருந்திருக்கும் அவளுக்கு, இத்தனை வருஷம். அம்மாவுக்கு அவள் காலம் முழுக்க. மேடையில் அந்த மெட்டு தொடங்குகிறது. அட, இதற்கு வார்த்தைகள் இவைதானா, எவ்வளவு சின்னச் சின்ன வார்த்தைகள்.

போகிறேன். அர்த்தம் எதுவாக இருந்தால் என்ன, போய் அவள் பக்கத்தில் நிற்கிறேன், வராதே என்றால் முகத்துக்கு நேராகச் சொல்லட்டும். எழுந்துவிட்டேன், மரத்த காலில் ஊசி ஊசியாகக் குத்துகிறது. ஆனால் இந்தப் பைகள்? நம்பிக் கொடுத்துவிட்டுப் போனார்களே. எட்டிப்பார்க்கிறேன், காணோம், பாட்டு முதல் சரணத்துக்குப் போய்விட்டது, காணோம், பிறகு அந்தப் பெண்ணின் மஞ்சள் சட்டை தெரிகிறது, கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிடுகிறேன், என்னவோ ஏதோ என்று பதறிக்கொண்டு ஓடிவருகிறார்கள். ஒண்ணுமில்ல, நானும் முன்னாடி போகணும் என்கிறேன். போங்க அங்கிள், பாய நாங்க பாத்துக்கறோம் என்கிறாள். அப்படியே விட்டுவிட்டுப் போகலாம், ஆனால் பரவால்லம்மா என்று சொல்லிவிட்டுக் குனிந்து பாயைச் சுருட்ட ஆரம்பிக்கிறேன். ஒரு பாயை ஒருத்தரிடம் விட்டுவிட்டுப் போக எனக்குத் தெரியவில்லை. ஈரம் ஒட்டிக்கொண்டு சுருள மறுக்கிறது, கோணல்மாணலாகச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கி, எங்கள் பையைத் தோளில் மாட்டி, குடையை எடுத்து, அவள் செருப்பு இரண்டையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்குகிறேன். சாரல் முகத்தில் அடிக்கிறது. என் வாயும் அந்த மெட்டை முணுமுணுக்கிறது, தப்பும் தவறுமாக. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, இது அந்த மேளக்காரன் அல்ல. கூட்டத்தின் ஓரத்துக்கு வருவதற்குள் பாட்டு முடிந்து கைதட்டுகிறார்கள், அந்தக் கைதட்டலுக்குள்ளிருந்து சுகந்தி வெளியே வருகிறாள், மேலே பார்த்துக்கொண்டே வேகமாக ஏறி வருகிறாள், கிட்ட வந்த பிறகுதான் என்னைக் கவனிக்கிறாள். உன்னக் கூப்பிடத்தான் வந்தேன், ஏன் நீ வரவே— என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். பாயைப் பார்க்கிறாள். தோளில் பை, கையில் குடை, செருப்பு. ஓ, கெளம்பிட்டியா என்கிறாள். முகம் ஒருமுறை சுருங்கிச் சரியாகிறது. இன்னும் ரெண்டு மூணு பாட்டு இருக்குன்னாங்க, பரவால்ல, நீதான் காலைலேர்ந்து பஸ்ஸு பஸ்ஸுன்னு சொல்லிட்டு இருந்த, போலாம். செருப்புக்காகக் கையை நீட்டுகிறாள். இல்லை சுகந்தி, நான் கிளம்பவில்லை, உன் பக்கத்தில் நிற்கத்தான் வந்தேன். இதுதான் வாக்கியம், முழுசாக இருக்கிறது, தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வாயைத் திறக்கிறேன். “ஆமா, கூட்டம் சேர்றதுக்குள்ள போனா உக்காந்துட்டுப் போலாம்” என்கிறேன். அவள் தலையாட்டிவிட்டு, பிடிமானத்துக்கு என் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு, சேறு படிந்த காலிலேயே செருப்பை ஒவ்வொன்றாக மாட்டிக்கொள்கிறாள்.